சைலஸ் தாத்தாவுக்கு ஊதிய சங்கு

வின்னி டீச்சர் யாரென்றே தெரியாத ஒரு மனிதருக்கு மூக்குக்கண்ணாடி வரைந்துகொண்டிருந்தாள்.

கையில் கறுப்பு மார்க்கர். கை நடுங்கியதில் வலது கண்ணுக்கு வட்டமும் இடது கண்ணுக்குக் கோழிமுட்டையும் விழுந்தன. போட்டோவில் இருந்த மனிதர் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

"டீச்சர், சீக்கிரம்! ஜீப்பு சர்ச்சாண்ட திரும்பிடுச்சு!" கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் சமையல் பார்வதம்மா.

"மீசை வைக்கலாமா, வேணாமா?"

"வைங்க டீச்சர். எழுத்தாளர்னா மீசை இல்லாம எப்படி? ஜனம் மதிக்குமா?"

மீசை விழுந்தது. இடப்பக்கம் கொஞ்சம் தூக்கல். இன்னும் சற்று நேரத்தில் இந்தப் போட்டோவுக்கு மாலை போடுவார்கள். கோலாரிலிருந்து வரும் அதிகாரிகள் கைகூப்புவார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் 'இது யாரு?' என்று கேட்டால் போதும். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. அவளுக்கு சஸ்பென்ஷன்.

ஏனென்றால், இன்று பிறந்தநாள் கொண்டாடப்படும் அந்தப் புகழ்பெற்ற குழந்தை எழுத்தாளர் ஓர் ஆடு.

நடந்தது இதுதான். மூடிப்போன தங்கச் சுரங்கத்தைச் சுற்றி மிஞ்சிய மைசூர் மைன்ஸில் இருக்கும் அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு அறை, ஒரு டீச்சர், ஒரு சமையல்காரம்மா, பதினோரு பிள்ளைகள். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் விடிவதற்குள் பெங்களூர் ரயிலில் ஏறிவிடுவார்கள். இந்தக் கதவு மூடினால் அடுத்த தமிழ்ப் பள்ளிக்கூடம் பாலகாட்டில். நடுவில் டிப்பர் லாரிகள் பறக்கும் ரோடு. ஆறு வயசுப் பிள்ளை அதைத் தாண்டிப் போகாது. பாதிப் பேர் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். இது வின்னி டீச்சருக்குத் தெரியும், பார்வதம்மாவுக்குத் தெரியும். கோலாரில் இருப்பவர்களுக்கும் தெரியும் போலிருக்கிறது. அதனால்தான் போனில் அதைச் சொல்லியே மிரட்டினார்கள்.

"மாவட்ட மழலையர் மகிழ்வாசிப்பு இயக்ககத்திலிருந்து பேசறோம். உங்க ஏரியாவோட அன்புக்குரிய குழந்தை எழுத்தாளர் யாரும்மா?"

"எழுத்தாளரா சார்? இங்கயா?"

"பள்ளிக்கு ஒரு எழுத்தாளர் கட்டாயம். அவர் பிறந்தநாளைக் குழந்தைங்க குதூகலமா கொண்டாடணும். எழுத்தாளர் இல்லாத பள்ளிகள் பூட்டப்படும். சொல்லுங்க, லைன்ல இருக்கேன்."

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கூப்பாடு. பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் வளர்க்கும் கிடா, மத்தியானச் சாப்பாட்டுக்கு அலசி வைத்த கீரைக்குள் தலையை விட்டிருந்தது. "டேய் சைலஸ்! டேய் சைலஸ்! உன்ன பிரியாணி போட்டாத்தான்டா நீ அடங்குவ!" என்று பார்வதம்மா கரண்டியோடு துரத்தினாள்.

"சைலஸ்," என்றாள் வின்னி டீச்சர் போனில். பிறகு, தாடி இருந்ததால், "சைலஸ் தாத்தா, சார்," என்று மரியாதையும் சேர்த்தாள்.

"இருக்காரா, போயிட்டாரா?"

இருக்கிறார் என்றால் விழாவுக்குக் கூப்பிடச் சொல்வார்கள். செத்தவரிடம் அந்தத் தொந்தரவு இல்லை. "போயிட்டார் சார்," என்றாள். சொல்லும்போதே தொண்டை அடைத்தது. பயத்தில் அடைத்த தொண்டையை மறுமுனை துக்கம் என்று எடுத்துக்கொண்டது. "ஈடு செய்ய முடியாத இழப்பு," என்று சொல்லிவிட்டு வைத்தது.

அதற்குப் பிறகு சுற்றறிக்கைகள் மழையாகக் கொட்டின. அவற்றிலிருந்து கொஞ்சம்:

'பத்தி நான்கு: குழந்தைகள் தன்னிச்சையாக மூன்று நிமிடம் சிரிக்க வேண்டும். தன்னிச்சையைப் போதுமான அளவு ஒத்திகை பார்த்துக்கொள்ளவும்.'

'பத்தி ஆறு: குழந்தைகள் எழுத்தாளரின் கதாபாத்திரங்களாக வேடமிட வேண்டும்.'

'பத்தி ஒன்பது: பயந்த முகத்துடன் காணப்படும் குழந்தைகள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.'

சிரிப்பு ஒத்திகையை வின்னி டீச்சர் அந்த ஊர் வழக்கப்படி ஷிப்ட் போட்டு நடத்தினாள். முதல் ஷிப்ட் ஹாஹா. ரெண்டாவது ஷிப்ட் ஹிஹி. நைட் ஷிப்டுக்கு வாயை மூடிக்கொண்டு தோளை மட்டும் குலுக்கினால் போதும். ஒன்பதாம் பத்தியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிய அன்றிலிருந்து பதினோரு பேரும் பயந்த முகத்துடன்தான் காணப்பட்டார்கள். குழந்தை எழுத்தாளர் என்றால் எங்காவது ஒரு முயலைப் பற்றி எழுதாமலா இருந்திருப்பார் என்ற நம்பிக்கையில் எல்லாருக்கும் காகிதத்தில் முயல் காது வெட்டி ஒட்டினாள். போட்டோவை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய ஸ்டூடியோவில் பிடித்தாள். யாரும் வந்து வாங்காமல் ஒரு டப்பா நிறைய மூஞ்சிகள் கிடந்தன. அதில் கொஞ்சம் புத்திசாலியாகத் தெரிந்த மூஞ்சியை எடுத்துக்கொண்டாள்.

"டீச்சர்," என்றாள் ரெண்டாம் வகுப்பு நிக்கோல், ஒரு காது தொங்க. "சைலஸ் தாத்தான்னா நம்ம சைலஸா?"

"இல்ல கண்ணு. அது வேற சைலஸ்."

"அப்போ இந்த சைலஸ் இன்னா கதை எழுதனாரு?"

அந்தக் கேள்விக்கு வின்னி டீச்சர் பதில் சொல்வதற்குள் ஜீப் வந்து நின்றுவிட்டது.

ஜீப்பைப் பார்த்ததும் பார்வதம்மா வாயைப் பிளந்தாள். பின்னால் ஒரு இரும்பு பீரோ. கூரையில் கயிறு போட்டுக் கட்டிய ரெண்டு நாற்காலி. ஜன்னலோரம் ஒரு சுவர்க்கடிகாரம், ஓடிக்கொண்டே. மடியில் வைக்க இடமில்லாமல் ஒரு தொட்டிச்செடி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"வூடு மாத்திகினு போறாங்களா டீச்சர்?"

ஓட்டிக்கொண்டு வந்து முதலில் இறங்கியவர் ஜெயகரன். இணை மகிழ்ச்சி அலுவலர். இறங்கிய வேகத்தில் பார்வதம்மாவின் பார்வையைக் கவனித்துவிட்டார். "நடமாடும் நிர்வாகம்மா. மக்களைத் தேடி அரசு. ஆபீஸே உங்க வாசலுக்கு வந்திருக்கு," என்றார். அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஜெயகரன் தேள் கொட்டியவர் போல் துள்ளினார். நம்பரைப் பார்த்தார். முகம் வெளுத்தது. போனை அணைத்துவிட்டு, "மேலிடம். அப்புறம் பேசிக்கலாம்," என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

பிறகு இறங்கினார் ராதிகா மேடம். மாவட்ட மகிழ்ச்சி ஆணையர். சிரித்த முகம் என்று சொல்வதற்கில்லை. கஞ்சி போட்ட புடவை, கஞ்சி போட்ட முகம். இறங்கியதும் அன்றைய செய்தித்தாளைத் தேதி தெரியும்படி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயகரன் போட்டோ எடுத்தார்.

"பள்ளி பெயர்ப்பலகை விழுதா?"

"விழுது மேடம்."

"நான் விழறேனா?"

"நல்லாவே விழறீங்க மேடம்."

"டீச்சர், நாங்க வந்தோம்ங்கறதை நீங்க பார்த்தீங்கல்ல? நல்லாப் பார்த்துக்கங்க," என்றார் மேடம். பெரிய இடத்துப் பேச்சுக்கு இதுதான் முறை போலும் என்று வின்னி டீச்சர் தலையாட்டினாள். உள்ளங்கை வியர்த்து மார்க்கர் மை முழங்கை வரை ஒழுகியிருந்தது.

விழா ஆரம்பித்தது.

முதல் அங்கம் புன்னகை ஆய்வு. ஜெயகரன் பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்தார். முயல் காதுகளோடு வரிசையில் நின்ற பிள்ளைகளின் வாயை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அளந்தார். "இளிடா. இன்னும் கொஞ்சம் இளி. ம், தேறிட்ட." ரூபேஷ் என்ற ஒன்றாம் வகுப்புப் பையன் டேப் கிட்டே வந்ததும் ஓவென்று அழுதான். வின்னி டீச்சருக்கு உயிர் போய்விட்டது. ஒன்பதாம் பத்தி!

ஜெயகரன் சற்று யோசித்தார். "ஆனந்தக் கண்ணீர்," என்றார். "போனஸ் ரெண்டு மார்க்."

அதைக் கேட்டதும் வரிசையில் இருந்த மீதிப் பேரும் அழ ஆரம்பித்தார்கள். மாவட்டத்திலேயே அதிக மகிழ்ச்சியான பள்ளி இதுவாகத்தான் இருக்கும் என்று மேடம் கருத்துத் தெரிவித்தார்.

ரெண்டாவது அங்கம் நூல் கண்காட்சி. இதற்குத்தான் வின்னி டீச்சர் ராத்திரியெல்லாம் ஜெபம் பண்ணியிருந்தாள். மேஜை மேல் பிரவுன் அட்டை போட்ட புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அட்டைக்கு வெளியே 'சைலஸ் தாத்தாவின் கதைக்கொத்து' என்று அழகான கையெழுத்து. உள்ளே பழைய கணக்கு நோட்ஸ், ரெண்டு ரயில் டைம்டேபிள், பார்வதம்மா சமையலறையிலிருந்து கொடுத்த பிரஷர் குக்கர் விளக்கப் புத்தகம். தூரத்திலிருந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவள் கணக்கு.

ஜெயகரன் கும்பிடவில்லை. கையை நீட்டினார். குக்கர் புத்தகத்தை எடுத்தார். பிரித்தார்.

வின்னி டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"'உள்ளே அழுத்தம் இருக்கும்போது மூடியைத் திறக்க முயலாதீர்கள்,'" ஜெயகரன் சத்தமாகப் படித்தார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அம்மா! என்ன எளிய நடை! என்ன ஆழம்! மேடம், நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது இந்த வரியைப் படிச்சுத்தான் இலக்கியத்துக்கே வந்தேன்."

"நானும்தான்," என்றார் மேடம், அவரை முந்தவிடாமல். "என் தலையில கை வச்சு அவரே ஆசீர்வாதம் பண்ணியிருக்கார். கோலார்ல ஒரு விழாவுல. அந்தக் கையோட சூடு இன்னும் இங்கயே இருக்கு." உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினார்.

பார்வதம்மா தன் தலையில் கை வைத்துக்கொண்டாள். வின்னி டீச்சரின் பயம் குறையவில்லை. இருமடங்கானது. அவள் சொன்னது ஒரு பேர்தான். இவர்கள் அதற்குச் சதையும் ரத்தமும் வைத்துக்கொண்டே போகிறார்கள். நாளைக்கு அவர் பேரில் ரோடு வரும், சிலை வரும். சிலைக்குக் கொம்பு வைப்பதா வேண்டாமா என்று அவளைத்தான் கேட்பார்கள்.

மேடம் பேச எழுந்தார்.

"குழந்தைகளே! மகிழ்ச்சி என்பது விருப்பமல்ல, கடமை. எங்கள் இயக்ககம் இருக்கும்வரை இந்த மாவட்டத்தில் ஒரு குழந்தைகூட அனுமதியின்றிச் சோகமாக இருக்க முடியாது. எங்கள் இயக்ககம் இருக்கிறது. நன்றாக இருக்கிறது. நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. யாராவது வந்து உங்களிடம் கேட்டால் இருக்கிறது என்று சொல்லுங்கள். சைலஸ் தாத்தா என்ன சொன்னார்?"

சைலஸ் தாத்தா என்ன சொன்னார் என்று மேடம் சொல்வதற்குள் சைலஸே வந்துவிட்டது. கேட் திறந்துதான் கிடந்தது. நேராகப் போட்டோவுக்கு நடந்தது. சாமந்தி மாலையை ஒரு ஓரத்திலிருந்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது.

"சைலஸ்! சைலஸ்! டேய் சைலஸ்!" பதினோரு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். கிடா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றது. அழுத கண்ணோடு சிரிப்பு பீறிட்டது. ஷிப்ட் எல்லாம் கலந்துபோனது.

மேடத்தின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சலனம். "பாருங்க ஜெயகரன்! பேரைச் சொன்னாலே பிள்ளைங்க எப்படி எழுச்சியாயிடுதுங்க!"

"சைலஸ் மாலைய தின்றான் மேடம்!" என்று நிக்கோல் கூவினாள்.

"என்ன சொல்றா இந்தப் பொண்ணு?"

"கவிதை மேடம்," என்றாள் வின்னி டீச்சர். குரல் கீச்சென்றது. "தாத்தா எழுதின கவிதை."

பார்வதம்மா கிடாவின் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வின்னி டீச்சர் மூச்சை விட்டாள். தப்பித்தாயிற்று. இனி மூன்று நிமிடச் சிரிப்பு, கேக், ஜீப்.

அப்போதுதான் ஜெயகரன் ஜீப்பிலிருந்து ஒலிபெருக்கியை இறக்கினார்.

"இது என்னோட ஐடியா டீச்சர். பழைய மைன் சங்கோட சத்தத்தைத் தேடிப் பிடிச்சுப் பதிவு பண்ணி வச்சிருக்கேன். சிரிப்பு நிமிடங்களை இந்தச் சங்கு ஊதித்தான் தொடங்கப் போறோம். உள்ளூர்ப் பாரம்பரியம்!"

வின்னி டீச்சருக்கு ரத்தம் உறைந்தது. "சார், வேணாம் சார். இந்த நேரத்துல சங்கு ஊதக் கூடாது. ஷிப்ட் மாறுற நேரத்துல ஊதினா அது வேல. வேளை கெட்ட வேளைல ஊதினா…"

"ஊதினா?"

"கீழ ஆக்ஸிடென்ட்னு அர்த்தம் சார். இங்க எல்லாருக்கும் தெரியும்."

"மைனை மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. குழிக்குள்ள தண்ணிதான் நிக்குது. எவன் நம்புவான்?" ஜெயகரன் பொத்தானை அமுக்கினார்.

சங்கு எழுந்தது.

முதலில் அடித்தொண்டையில். பிறகு மேலே, மேலே, காதுக்குள் ஊசி இறங்குவது போல. மைன்ஸ் கூரைகள் மேல், தங்கம் பிரித்துப் போட்ட சயனைடு மண்மேடுகள் மேல், யூகலிப்டஸ் மரங்கள் மேல் அது போய்க்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தம் ஜீப்பிலிருந்துதான் வருகிறது என்று பார்வதம்மா கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு கேட்டுக்கு ஓடினாள். ஓடிப்போய் அங்கே நின்று, ஏன் ஓடிவந்தோம் என்று தெரியாமல் விழித்தாள். வின்னி டீச்சரும் பக்கத்தில் நின்ற பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது இதே சங்கு கேட்டு அம்மா அடுப்பை அணைக்காமல், செருப்புப் போடாமல் சுரங்கக் குழி வாசலுக்கு, ஷாப்டுக்கு, ஓடியிருக்கிறாள். அன்றைக்கு அப்பா வந்துவிட்டார். எதிர்வீட்டு மாமா வரவில்லை.

சங்கு நின்றது.

பிறகு மைசூர் மைன்ஸ் வந்தது.

லைன் லைனாகக் கதவுகள் திறந்தன. துண்டைத் தோளில் போட நேரமில்லாமல் பென்ஷன்காரர்கள் ஓடிவந்தார்கள். ஈரத்தலையோடு பொம்பளைகள். "எந்த ஷாப்டு?" "எத்தினி பேரு மாட்டிகினாங்க?" "கேஜு மேல வந்துச்சா?" மாரில் அடித்துக்கொண்டு ஒரு கூட்டம். சத்தம் வந்த திசை பள்ளிக்கூடம் என்பதால் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்து விழுந்தார்கள். வந்த பிறகு, நடுவில் பாதி மாலை தொங்கிய ஒரு போட்டோவைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். செத்தது யார் என்று தெரியாமலே ஒப்பாரி ஆரம்பமாகிவிட்டது.

ஜெயகரன் பரவசமாகிவிட்டார். "மேடம், பொதுமக்கள் பங்கேற்பு! ஒரு எழுத்தாளருக்காக ஒரு ஊரே நெஞ்சில அடிச்சிட்டு அழுது! போட்டோ எடுக்கறேன், நடுவுல வந்து நில்லுங்க. பேப்பரைப் பிடிங்க, பேப்பரை!"

பிள்ளைகள் வின்னி டீச்சரின் புடவைக்குள் ஒளிந்தார்கள். இத்தனை பேர் அழுது அவர்கள் பார்த்ததில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் முன்னால் வந்தார். வழுக்கை, ஒல்லி, வெறுங்கால். ஓடிவந்ததில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சுரங்கத்துக்குள் ஆட்களைக் கொண்டுபோகும் கூண்டான கேஜை இறக்கி ஏற்றும் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்த ஆர்தர். போட்டோ முன்னால் நின்று முதலில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"யாரு பாவம்? எந்த வூட்டு ஆளு?"

குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார். விரலால் எச்சில் தொட்டு மீசையைத் தேய்த்தார். அரை மீசை அழிந்தது.

"ஏய்! இது என் மூஞ்சிடா!"

ஒப்பாரி கத்தரித்தாற்போல் நின்றது.

"ரிட்டையர் ஆவும்போது ஸ்டூடியோல எடுத்தது! மைனை மூடின கவலைல வாங்காமலே வுட்டுட்டேன்! எவன்டா எனக்கு மாலை போட்டது?"

வின்னி டீச்சருக்குக் கண் இருட்டியது. முடிந்தது. எல்லாம் முடிந்தது. பூட்டு, பாலகாட், டிப்பர் லாரி. நிக்கோலின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயகரன் போட்டோவைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். "நீங்கதான் சைலஸ் தாத்தாவா?"

"நான் ஆர்தருங்க!"

"அது இயற்பெயர். சைலஸ் புனைபெயர். சரி, அது ஒத்துப்போகுது." ஜெயகரனின் நெற்றி சுருங்கியது. "ஆனா ஒரு சிக்கல் இருக்கு ஐயா. நீங்க இறந்துட்டீங்க."

"நானா?"

"சுற்றறிக்கை, பத்தி ரெண்டு. 'மறைந்த'ன்னு தெளிவா இருக்கு."

"போன நவம்பர்லதான் பேங்க்குக்குப் போயி உயிரோட கீறேன்னு ரேகை வச்சுட்டு வந்தேன்! பென்ஷன் வருதுய்யா!"

"அது வேற டிபார்ட்மென்ட். அங்க நீங்க தாராளமா உயிரோட இருக்கலாம். இங்க முடியாது. மறைந்தவர் விழாவுக்குன்னு அனுமதி வாங்கியிருக்கோம். நடுவுல உயிரோட வந்தா தணிக்கைல யார் பதில் சொல்றது?"

"இன்னாய்யா இது அநியாயமா கீது! ஆண்டவரே கூப்பிடல, இவனுங்க கூப்பிடறானுங்க!"

கூட்டத்தில் யாரோ, "ஒத்துக்க ஆர்தரண்ணே, கேக்கு வெட்டப் போறாங்க," என்றார்கள்.

ஆர்தர் சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டினார். அப்போது வின்னி டீச்சரின் முகத்தைப் பார்த்தார். கையெல்லாம் கறுப்பு மை. அவள் புடவைக்குள்ளிருந்து காகித முயல் காதுகள் எட்டிப் பார்த்தன. தன் மூஞ்சிக்கு மீசை வைத்தது யார் என்று ஆர்தருக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்று புரிந்ததா, தெரியாது. வேட்டியை இறக்கிவிட்டார்.

"சரி. எம்மா நேரத்துக்குச் சாவணும்?"

"மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போதும் ஐயா," என்றார் ஜெயகரன் நன்றியோடு.

"ஒரு நிமிஷம்." ராதிகா மேடத்தின் குரல். கூட்டம் திரும்பியது. மேடம் ஆர்தரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறைந்தவர் குழந்தைங்களுக்கு ஒரு கதை சொல்லட்டும். பத்தி பதினொண்ணு."

ஆர்தர் வாழ்நாளில் கதை சொன்னவர் இல்லை. இன்ஜின் ரூமில் பேசக் கூடாது என்பது சட்டம். வேலைக் காலம் முழுக்க மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கைப்பிடியை இழுத்த மனிதர். தலையைச் சொறிந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு கண்ணில் பட்டது. பள்ளிக்கூட மணி.

"கதையெல்லாம் வராது பசங்களா. வாங்க, கீழ போயிட்டு வரலாம். எல்லாம் இங்க வந்து நெருக்கி நில்லுங்க. இதான் கேஜு."

பிள்ளைகள் வின்னி டீச்சரைப் பார்த்தார்கள். நிக்கோல்தான் முதலில் போனாள். பிறகு எல்லாரும். மூணு மணி அடித்தார் ஆர்தர். "ஆளு ஏறியாச்சு!" ரெண்டு அடித்தார். "இறங்குது, இறங்குது, குந்துங்க, இன்னும் குந்துங்க, காது அடைக்கும், எச்சி முழுங்குங்க!" பதினோரு முயல்கள் மெதுவாகத் தரைக்குள் இறங்கின. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டன. ஒரே ஒரு மணி. டங்! "நின்னாச்சு! லெவல் வந்தாச்சு! அடில வேலை பண்ற எடம்! இருட்டு! யாரு காலு இது? யாரோ என் காலப் புடிச்சாங்கோ!"

ரூபேஷ்தான் பிடித்திருந்தான். அவனிடமிருந்துதான் அது ஆரம்பித்தது. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. பக்கத்துப் பிள்ளைக்குத் தாவியது. பிறகு மொத்தக் கேஜுக்கும். ஒப்பாரி வைக்க வந்த பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். "மேல தூக்கு ஆர்தரண்ணே, பசங்க மூச்சு முட்டிப் போவாங்க!" என்று பென்ஷன்காரர்களும் வந்து கேஜுக்குள் நெருக்கியடித்துக்கொண்டார்கள்.

ஜெயகரன் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "மூணு நிமிஷம் தாண்டிடுச்சு! போதும்! அனுமதி அவ்வளவுதான்! யாராவது அழுங்க!"

யாரும் அழவில்லை. கூட்டத்தின் ஓரத்தில், புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ராதிகா மேடம் குந்தியிருந்தார். லெவல் வந்தபோது மேடமும் சிரித்துவிட்டார். சிரித்ததும் திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார். எழுந்தார்.

"டீச்சர். உள்ள வாங்க. தனியா பேசணும்."

கஞ்சி மறுபடி முகத்தில் ஏறியிருந்தது. வின்னி டீச்சர் தூக்குமேடைக்கு நடப்பது போல் பின்னால் நடந்தாள். ரெண்டாவது அறைக்குள் போனதும் மேடம் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். தாழ்ப்பாளை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"மேடம்," வின்னி டீச்சர் முந்திக்கொண்டாள். சொல்லிவிட்டுச் சாவதே மேல். "மேடம், அந்த சைலஸ் தாத்தா…"

"ஆடு."

"தெரியுமா?"

"பிள்ளைங்க கூப்பிட்டப்போ அது திரும்பிப் பார்த்துச்சே டீச்சர். எனக்குக் கண்ணு இல்லையா?"

வின்னி டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "பள்ளிக்கூடத்தைப் பூட்டிடாதீங்க மேடம். என்ன மட்டும் என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அந்த டிப்பர் ரோட்டுல இதுங்க…"

வெளியே ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மாவட்ட மகிழ்ச்சி ஆணையர் சட்டென்று தரையில் குந்தினார். கேஜில் குந்தியதைவிட வேகமாக. பெஞ்சுக்கு அடியில் தலையை இழுத்துக்கொண்டார். "வெள்ளைக் காரா? போர்டு போட்டிருக்கா? பாருங்க டீச்சர், பாருங்க!"

வின்னி டீச்சர் ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். "கேஸ் சிலிண்டர் ஆட்டோ மேடம்."

மேடம் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது முட்டியில் சுண்ணாம்பு. கை நடுங்கியது. காலையில் மார்க்கர் பிடித்த வின்னி டீச்சரின் கை எப்படி நடுங்கியதோ, அப்படியே. அவளுக்கு அந்த நடுக்கம் நன்றாகத் தெரிந்த நடுக்கம்.

"மேடம், நீங்க யாருக்குப் பயப்படறீங்க?"

மேடம் மடித்து வைத்திருந்த செய்தித்தாளை நீவினார். "நாங்க இன்னைக்கு இங்க வந்தோம், விழா நடந்துச்சு, பிள்ளைங்க சிரிச்சாங்க. யாராவது வந்து கேட்டா இதை மட்டும் சொல்லுங்க டீச்சர். அது போதும். அடுத்த வருஷம் ஆடு வேணாம், மாட்டைக்கூடச் சொல்லுங்க, நாங்க வந்து கொண்டாடறோம்."

"சொல்றேன் மேடம். ஆனா பூட்டு…"

"பூட்டா?" மேடம் கதவைப் பார்த்தார். வெளியே டங் டங் டங் என்று மணி கேட்டது. கேஜ் மறுபடி ஆளேற்றிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஏது டீச்சர் பூட்டு? இருந்த ஒரே பூட்டை எங்க ஆபீஸ் கதவுல போட்டு சீல் வச்சுட்டாங்க. இயக்ககத்தைக் கலைச்சு ரெண்டு வருஷமாச்சு. ஜீப்பையும் பிடுங்கத் தேடிட்டிருக்காங்க. நானும் ஜெயகரனும் அந்த ஜீப்புலதான் இருக்கோம்."